ஞாயிற்றுச் சந்தைக்கு மக்கள் வருகிறார்கள், விவசாயிகள் குறைகிறார்கள்: என்ன செய்யலாம்?

மாடித்தோட்டக்காரி, வேளச்சேரி
ஞாயிறு, பகல் 12.40

எல்லோருக்கும் வணக்கம். பொங்கல் முடிந்த அடுத்த ஞாயிறு எங்கள் குடியிருப்பின் வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு சந்தை ஆரம்பித்தோம். காலை 7 முதல் 10.30 வரை. விளைவித்தவரே நேரில் வந்து விற்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. இடத்துக்கு வாடகை இல்லை, மேசை நாங்கள் போடுகிறோம், டீயும் இட்லியும் எங்கள் செலவு.

முதல் வாரம் 11 பேர் வந்தார்கள். மதுராந்தகம், உத்திரமேரூர், செய்யூர், பெரியபாளையம் பக்கத்துக்காரர்கள். பச்சை மொச்சை, முள்ளங்கி, அவரை, புது அரிசி, நாட்டு முட்டை என்று அந்த இடமே ஊர்ச் சந்தை மாதிரி இருந்தது. இன்று மாசி மூன்றாம் ஞாயிறு. வந்தது 5 பேர்.

கூட்டம் குறைந்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். அது குறையவில்லை. இன்றும் 200 பேருக்குக் குறையாமல் வந்தார்கள். வராத ஆறு பேருக்கும் போன் செய்தேன். "அடுத்த வாரம் பார்க்கலாம்மா" என்று மரியாதையாகச் சொல்கிறார்கள், காரணம் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். நாங்கள் எதில் தவறுகிறோம்? இதில் அனுபவம் உள்ளவர்கள் மனதில் பட்டதை அப்படியே சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை, மடிப்பாக்கம்
ஞாயிறு, பகல் 1.15

நான் உங்கள் சந்தைக்கு இரண்டு முறை வந்திருக்கிறேன். நல்ல முயற்சி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் விலையைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது.

எங்கள் தெருவில் தள்ளுவண்டியில் தக்காளி 3 கிலோ 50 ரூபாய். உங்களிடம் ஒரு கிலோ 40. வெண்டைக்காய் வெளியே 30, உங்களிடம் 60. ஒரே சம்பளத்தில் ஓடுகிற வீடு எங்களுடையது. அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள். வாரத்துக்கு 5 கிலோ தக்காளி ஆகும். நல்ல காய்தான் சாப்பிட வேண்டும் என்ற ஆசை எங்களுக்கும் இருக்கிறது. கூட்டமாக வருகிறவர்களில் பாதிப் பேர் விலையைக் கேட்டுவிட்டு ஒரு கட்டுக் கீரையோடு திரும்புகிறார்கள். அதை நான் கண்ணால் பார்த்தேன், நானும் அதைத்தான் செய்தேன்.

ஏரிக்கரை உழவன், மதுராந்தகம் பக்கம்
ஞாயிறு, மாலை 6.50

மேடம், வராத ஆறு பேரில் நானும் ஒருவன். நேரில் சொல்ல வாய் வரவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு குட்டியானை (சின்ன சரக்கு வண்டி) பிடிப்போம். போக வர 3,500 ரூபாய். தலைக்கு 875. சனிக்கிழமை மதியம் காய் பறிக்க இரண்டு அம்மாக்கள், ஆளுக்கு 350, அது 700. விடியற்காலை 3.30 மணிக்குக் கிளம்ப வேண்டும். கடைசியாக வந்த ஞாயிறு நான் 95 கிலோ கொண்டுவந்தேன்: கத்திரி 40, தக்காளி 30, வெண்டை 15, கொத்தவரை 10. விற்றது 60 கிலோ. கைக்கு வந்தது ஏறத்தாழ 2,900. செலவு போக 1,300 சொச்சம் மிஞ்சியது. அதில் விதை, உழவு, களை எடுத்த கூலி எதையும் நான் இன்னும் கழிக்கவில்லை.

மீதி 35 கிலோ மாட்டுக்குப் போனது. அந்த 35 கிலோவைப் பறிக்கவும் கூலி கொடுத்தேன், ஏற்றி வரவும் வாடகை கொடுத்தேன். கோயம்பேட்டில் விலை அடிமாட்டுக்குக் கேட்பார்கள், கமிஷன் பிடிப்பார்கள், இறக்குக்கூலி தனி. எல்லாம் உண்மை. ஆனால் சரக்கு வீட்டுக்குத் திரும்பி வராது. காலை எட்டு மணிக்குள் சீட்டு கையில் வந்துவிடும்.

உங்கள் சந்தையில் விலை நன்றாகத்தான் கிடைக்கிறது. மீதியை யார் சுமப்பது என்பதுதான் எங்களுக்குள்ள பிரச்சினை.

அண்ணன் கேட்ட தக்காளி விஷயம் நியாயமானது. மாசியில் ஆந்திராவிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் லாரி லாரியாக வந்து இறங்கும். அந்த விலைக்கு என்னால் கொடுக்க முடியாது, கொடுத்தால் பறிப்புக் கூலிகூடத் தேறாது. ஆனால் இதையும் நினைத்துப் பாருங்கள். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, சென்னை ரேஷன் கடைகளில் அரசாங்கமே 60 ரூபாய்க்கு விற்றது. அப்போது என்னுடைய வாடிக்கை வீடுகளுக்கு நான் 45-க்குத்தான் கொடுத்தேன். ஆடியிலும் ஐப்பசி மழையிலும் விலையை ஏற்றாதவன், மாசியில் இறக்கவும் முடியாது.

கணக்குப்பிள்ளை, மடிப்பாக்கம்
ஞாயிறு, மாலை 7.20

அண்ணே, அந்த 35 கிலோவைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. வருஷம் முழுக்க ஒரே விலை என்பது எனக்குத் தெரியாது. அதை ஒரு அட்டையில் எழுதி மேசையில் வைத்திருந்தால் நான் வேறு மாதிரி யோசித்திருப்பேன்.

பழைய சந்தைக்காரர், பல்லாவரம்
ஞாயிறு, இரவு 8.30

உழவர் சந்தைகளோடு பல வருடம் பழகியவன் என்ற முறையில் சில வார்த்தைகள்.

1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தையை அப்போதைய முதல்வர் கருணாநிதி திறந்துவைத்தார். அதற்கு முன்பே பஞ்சாபில் 'அப்னி மண்டி', ஆந்திராவில் 'ரைத்து பஜார்' நடந்துகொண்டிருந்தன. இடைத்தரகர் இல்லாமல் விளைவித்தவரும் வாங்குகிறவரும் நேருக்கு நேர் நிற்க வேண்டும் என்பதுதான் மூன்றிலும் எண்ணம். விவசாயிக்கு அடையாள அட்டை உண்டு. கடைக்கு வாடகை இல்லை. தராசு சந்தையிலேயே கொடுப்பார்கள். மொத்த விலையைவிடக் கூடுதலாகவும் வெளிச் சில்லறை விலையைவிடக் குறைவாகவும் வருகிற மாதிரி விலையை முடிவு செய்து, விடிந்ததும் பலகையில் எழுதிவிடுவார்கள். பேரம் கிடையாது. இன்று தமிழ்நாட்டில் 170-க்கும் மேற்பட்ட உழவர் சந்தைகள் இருக்கின்றன.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உழவர் சந்தைக்கு வருகிற விவசாயி பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் இருப்பார். இரண்டு மூட்டையைப் பஸ்ஸில் போட்டுக்கொண்டு வருவார். இன்று 10 கிலோ கத்திரிக்காய் மிஞ்சினால் நாளை 10 கிலோ குறைத்துப் பறிப்பார். உழவர் சந்தைக்கு நாளை என்று ஒன்று இருக்கிறது. உங்கள் சந்தைக்கு அடுத்த ஞாயிறுதான். ஏழு நாளைக்குக் கத்திரிக்காய் காத்திருக்காது. மதுராந்தகத்திலிருந்து 75 கிலோமீட்டர் வருகிறவருக்கு இந்த வித்தியாசம் உயிர்நாடி.

ஆகவே எவ்வளவு விற்கும் என்பது அவருக்கு முன்னமே தெரிய வேண்டும். வியாழக்கிழமை இரவுக்குள் உங்கள் வீடுகள் முன்பதிவு செய்து, பணத்தையும் கட்டிவிட வேண்டும். பணம் கட்டாத பதிவை நம்பாதீர்கள், அது வெறும் பெயர்ப் பட்டியல். பதிவான அளவுக்கு மேல் கால் பங்கு மட்டும் அவர் கூடக் கொண்டுவரட்டும்.

இன்னொன்று. உங்கள் அறிவிப்பில் 'வசந்தகாலச் சந்தை' என்று போட்டிருந்ததைப் பார்த்தேன். நம் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம், இளவேனில் சித்திரையில்தான் பிறக்கும். பெயரில் குற்றம் கண்டுபிடிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. இந்த இரண்டு மாதத்தில் சென்னையில் விடியலில் பனி இருக்கும், 9 மணிக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும். 7 மணிக்குத் திறந்து 10.30 வரை நடத்தினால் காய் வாடாமல் என்ன செய்யும்? 6 மணிக்குத் திறந்து 8.30-க்கு மூடுங்கள்.

கீரைக்கட்டு, பெரியபாளையம் பக்கம்
ஞாயிறு, இரவு 9.45

ஐயா வெயிலைச் சொன்னதால் எழுதத் துணிந்தேன். கீரை கொண்டுவந்தது என் அம்மா. மூன்று வாரம் வந்தார், பிறகு நிறுத்திவிட்டார்.

கீரையைச் சனிக்கிழமை சாயங்காலம் பறித்து, வேரைக் கழுவி, கட்டுப் போட்டு, ஈரச் சாக்கில் அடுக்கி, இரவெல்லாம் தண்ணீர் தெளிப்போம். முளைக்கீரைக்கு விதைத்ததிலிருந்து 25 நாள்தான். ஆனால் பறித்துவிட்டால் அதன் ஆயுள் சில மணி நேரம். உங்கள் இடத்தில் கூரை இருக்கிற பக்கத்தை அரிசிக்கும் எண்ணெய்க்கும் கொடுத்துவிட்டு, எங்களை வெயில் பக்கம் போட்டார்கள். அரிசி வெயிலில் வாடாது. 8.30 மணிக்கெல்லாம் அரைக்கீரை துவண்டுவிட்டது. அதற்குப் பிறகு வந்தவர்கள் "வாடிப்போச்சே, 20 ரூபாய் கட்டை 10-க்குக் கொடும்மா" என்றார்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. பக்கத்து மேசையில் வெண்டைக்காய் விற்ற அக்காவிடம் ஒவ்வொருவரும் நுனியை ஒடித்துப் பார்த்துவிட்டு, ஒடித்ததைக் கூடையிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். சந்தை முடிந்தபோது இரண்டு கிலோவுக்கு மேல் ஒடிந்த காய். அதை யாரும் வாங்கவில்லை. பிஞ்சா முற்றலா என்று கேட்டால் அந்த அக்காவே சொல்வார், அவர் செடியில் காய்த்த காய்தானே.

அம்மாவுக்கு யார் மேலும் கோபம் இல்லை. "அந்த ஜனங்களுக்குத் தெரியலை, தெரிஞ்சா செய்ய மாட்டாங்க" என்றுதான் சொன்னார். அவர் கட்டிய கீரை அப்படிக் கிடந்ததை அவரால் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

மாடித்தோட்டக்காரி, வேளச்சேரி
ஞாயிறு, இரவு 10.30

இதைப் படித்துவிட்டு அரை மணி நேரம் எதுவும் எழுத முடியவில்லை. கூரைப் பக்கத்தை ஒதுக்கியது நான்தான். அரிசி மூட்டைகள் கனம், உள்ளே இறக்குவது சுலபம் என்று நினைத்தேன். கீரையைப் பற்றி யோசிக்கவே இல்லை. அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். வரும் ஞாயிறு கூரைக்குக் கீழே முதல் மேசை அவருக்குத்தான், வந்தாலும் வராவிட்டாலும்.

புதுக்குடித்தனம், பெரும்பாக்கம்
திங்கள், காலை 9.05

நானும் மனைவியும் தவறாமல் வருகிறோம். ஒரு சந்தேகம் கேட்கலாமா? எல்லா மேசையிலும் 'இயற்கை விவசாயம்' என்று எழுதியிருக்கிறது. யாரிடமும் சான்றிதழ் பார்த்ததில்லை. போன மாதம் ஒரு மேசையில் கேரட்டும் பீன்ஸும் இருந்தன. எந்த ஊர் என்று கேட்டேன், செங்கல்பட்டு என்றார். செங்கல்பட்டில் கேரட் விளையுமா? எதை நம்பி வாங்குவது?

பழைய சந்தைக்காரர், பல்லாவரம்
திங்கள், காலை 11.20

சரியான கேள்வி தம்பி. சுருக்கமாகச் சொல்ல முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இயற்கை விளைபொருளுக்கு நம் நாட்டில் இரண்டு வகைச் சான்று. ஒன்று, வெளி அமைப்பு வந்து ஆய்வு செய்து தருவது. ஏற்றுமதி செய்கிறவர்கள் பெரும்பாலும் அதை வாங்குவார்கள். தமிழ்நாட்டில் அரசின் அங்ககச் சான்றளிப்புத் துறையே அந்த ஆய்வைச் செய்கிறது. இரண்டாவது பிஜிஎஸ், அதாவது பங்கேற்பு உத்தரவாத முறை. அக்கம்பக்கத்து விவசாயிகள் குறைந்தது ஐந்து பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து, ஒருவர் நிலத்தை மற்றவர் போய்ப் பார்த்து உறுதி சொல்வார்கள். ரசாயனத்தை விட்டு மாறிக்கொண்டிருக்கும் நிலத்துக்கு ஒரு சான்று, முழுவதும் மாறிய நிலத்துக்கு வேறு சான்று. காய்கறி, நெல் மாதிரிப் பருவப் பயிருக்கு மாறும் காலம் இரண்டு ஆண்டு, மா, தென்னை மாதிரி மரப் பயிருக்கு மூன்று ஆண்டு.

2017-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த இயற்கை உணவு விதிகள், தன் விளைபொருளை நேரடியாக வீட்டுக்காரருக்கு விற்கிற சிறு விவசாயிக்குச் சான்றிலிருந்து விலக்கு கொடுக்கின்றன. அரசின் இயற்கை உணவு முத்திரையை மட்டும் அவர் போட்டுக்கொள்ளக் கூடாது. ஆகவே உங்கள் சந்தையில் சான்றிதழ் இல்லாமல் விற்பது சட்டப்படித் தவறில்லை.

ஆனால் கேரட் விஷயம் வேறு. நம் ஊர்க் கேரட்டும் பீன்ஸும் பெரும்பாலும் ஊட்டி, கொடைக்கானல் மலையில் விளைகிறவை. அவர் வாங்கி விற்றிருக்கிறார். அப்படி விற்பது குற்றமில்லை, 'ஊட்டியில் இன்னாரிடம் வாங்கியது' என்று எழுதி வைத்திருந்தால். சொல்லாமல் விற்றதுதான் தவறு. பக்கத்தில் நேர்மையாகக் கத்திரியும் கொத்தவரையும் மட்டும் வைத்திருக்கிறவர் மேசையிலும் அதனால் சந்தேகம் விழுகிறது.

எனக்குத் தெரிந்த நல்ல சோதனை, போய்ப் பார்ப்பதுதான். மாதம் ஒரு முறை பத்துக் குடும்பம் ஒரு விவசாயியின் நிலத்துக்குப் போய்வாருங்கள். அங்கே உரச் சாக்கு கிடக்கிறதா, ஜீவாமிர்தம் என்கிற சாணமும் கோமியமும் கலந்த உரக் கரைசல் டிரம் இருக்கிறதா, மாடு இருக்கிறதா என்று குழந்தைகூடப் பார்த்துச் சொல்லிவிடும்.

ஏரிக்கரை உழவன், மதுராந்தகம் பக்கம்
திங்கள், பகல் 2.10

வாங்க தம்பி, கட்டாயம் வாங்க. நவரைப் பட்டத்து நெல் இப்போது நன்றாக நிற்கிறது. பங்குனி கடைசியில் அறுப்பு. அதற்குள் வந்தால் ஏரித் தண்ணீர் வாய்க்காலில் ஓடுவதையும் பிள்ளைகள் பார்க்கலாம்.

என் நிலம் மூன்றரை ஏக்கர். இயற்கைக்கு மாறி ஆறு வருடம். முதல் இரண்டு வருடம் விளைச்சல் பாதியாகிவிட்டது, வீட்டில் பேச்சு வாங்கினேன். மாப்பிள்ளைச் சம்பா என்ற பாரம்பரிய நெல் விதை எனக்குத் திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் கிடைத்தது. பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டுப் பரப்பிய நெல் ஜெயராமன் ஐயா ஆரம்பித்து வைத்த வழக்கம்: 2 கிலோ விதை வாங்கினால், அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஐயா 2018 டிசம்பரில் போய்விட்டார். அவர் கொடுத்த விதை எங்கள் ஊரில் இன்று எட்டு வீட்டில் இருக்கிறது.

அரிசி பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போன மாதம் நாலைந்து பேர் "சோறு குழைகிறது" என்று திருப்பிக் கொடுத்தார்கள். தையில் அறுத்த நெல்லை மாசியில் அரைத்தால் குழையத்தான் செய்யும். புது அரிசி பொங்கலுக்கும் கஞ்சிக்கும் நல்லது. உதிரியாகச் சோறு வேண்டுமென்றால் நெல் ஆறு மாதமாவது குதிரில் கிடக்க வேண்டும். அப்படிப் போட்டு வைக்க என்னைப் போன்றவனுக்கு வசதி இல்லை, கடன் கட்ட வேண்டும், பிள்ளைக்குப் பீஸ் கட்ட வேண்டும். ஏக்கருக்கு 15 மூட்டைதான் கண்டது. மூட்டைக்கு 75 கிலோ, அரைத்தால் அரிசியாக 700 கிலோவை எட்டாது. அதை மாசியிலேயே விற்றுத்தான் ஆக வேண்டியிருக்கிறது.

புதுக்குடித்தனம், பெரும்பாக்கம்
திங்கள், பகல் 3.00

அண்ணா, திருப்பிக் கொடுத்தவர்களில் நாங்களும் ஒருவர். விவரம் தெரியாமல் செய்துவிட்டோம். அந்த 5 கிலோவை மறுபடியும் வாங்கிக்கொள்கிறோம்.

ஒன்று கேட்கட்டுமா? இப்போதே பணம் கொடுத்துவிட்டு, அரிசியை ஆவணியில் வாங்கிக்கொள்ளலாம் அல்லவா? எங்கள் தளத்தில் ஆறு வீடு இருக்கிறது. வீட்டுக்கு 25 கிலோ என்றால் 150 கிலோ. நெல்லாகவே உங்களிடம் கிடக்கட்டும்.

ஏரிக்கரை உழவன், மதுராந்தகம் பக்கம்
திங்கள், பகல் 3.25

அப்படி யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தேன் தம்பி. 150 கிலோவுக்கு என் வீட்டு முன்கட்டிலேயே இடம் இருக்கிறது. வேப்பிலையும் நொச்சி இலையும் போட்டு வைத்தால் பூச்சி அண்டாது. ஆவணி பிறந்ததும் அரைத்துத் தருகிறேன்.

மாடவீதிப் பாட்டி, மயிலாப்பூர்
திங்கள், மாலை 5.40

பேத்தி இதைப் படித்துக் காட்டினாள். நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள்.

மதுராந்தகத்துப் பிள்ளை 35 கிலோ மாட்டுக்குப் போட்டேன் என்று சொன்னாரே, அதில் 10 கிலோ கொத்தவரங்காய் இருந்ததா? மாசி பங்குனியில் கொத்தவரங்காய் மிஞ்சினால் அது வற்றலுக்கு என்று அர்த்தம். எங்கள் காலத்தில் இந்த இரண்டு மாதமும் மொட்டை மாடியில் நடக்க இடம் இருக்காது. கொத்தவரை வற்றல், சுண்டை வற்றல், மணத்தக்காளி வற்றல், கத்திரிக்காய் வற்றல், மோர் மிளகாய், ஜவ்வரிசி வடாம், கூழ் வடாம், எல்லாம் ஐப்பசி மழை வரைக்கும் வர வேண்டும். வெயில் ஏறுகிறபோதுதான் காயும் மலிகிறது. பகவான் இரண்டையும் சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறார். நாம் ஒன்றை விட்டுவிட்டு, இன்னொன்றைக் குப்பையில் போடுகிறோம்.

தக்காளி 40 ரூபாய் என்றால் சாம்பாருக்கு யோசிப்பார்கள். தொக்குக்கு நாட்டுத் தக்காளிதான் வேண்டும், அந்தப் புளிப்பு பெங்களூர்த் தக்காளியில் வராது. 5 கிலோ வாங்கி நல்லெண்ணெயில் சுருளக் கிளறி வைத்தால் இரண்டு மாதம் கெடாது.

உங்கள் குடியிருப்பில் என் வயதில் பத்துப் பேராவது இருப்பார்கள். மாடி இருக்கிறது, வெயில் இருக்கிறது. சந்தை முடிந்ததும் மிஞ்சினதை எல்லாம் ஒரு விலை பேசி அவர்கள் வாங்கட்டும். காய் நறுக்க, மோரில் ஊறப்போட, காய வைக்கச் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். சும்மா டிவி முன்னால் உட்கார்ந்திருப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

அப்புறம், மாவடு எங்கே? மாட வீதியில் படிக் கணக்கில் விற்க ஆரம்பித்துவிட்டார்கள். உங்கள் விவசாயிகளில் ஒருவருக்குக்கூடவா மாமரம் இல்லை?

கணக்குப்பிள்ளை, மடிப்பாக்கம்
திங்கள், இரவு 8.15

பாட்டி சொன்னதைப் படித்துவிட்டு அம்மாவிடம் கேட்டேன். "கொத்தவரங்காய் கிடைத்தால் கொண்டா, வத்தல் போட்டு ஆறு வருஷமாச்சு" என்றார். கண்ணில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. மேடம், எங்கள் வீடு உங்கள் குடியிருப்பு இல்லை. ஆனாலும் மிஞ்சியதில் 5 கிலோ எங்களுக்கு என்று எழுதிக்கொள்ளுங்கள். முன்பணம் கட்டிவிடுகிறேன். வாரத் தக்காளி என்னால் இங்கே வாங்க முடியாது, அதை ஒளிக்காமல் சொல்கிறேன். கத்திரி, கீரை, முட்டை மூன்றையும் இனி உங்களிடமே வாங்குகிறேன்.

மாடித்தோட்டக்காரி, வேளச்சேரி
செவ்வாய், இரவு 9.30

நேற்று எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் இந்த இழையை அப்படியே வாசித்துக் காட்டினேன். எல்லோரும் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "முன்பணம் கட்டினால் பிடிக்காத காயையும் வாங்க வேண்டிவருமே" என்று ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். கடைசியில், பதிவு செய்கிறவர் காயின் பெயரைச் சொல்லலாம், ஆனால் அந்த வாரம் அது செடியில் இல்லையென்றால் இருப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று முடிவானது.

நேரம் காலை 6 முதல் 8.30. கூரைப் பக்கம் கீரைக்கும் பூவுக்கும். வெண்டைக்காய் மேசையில், 'நுனியை ஒடிக்காதீர்கள், பிஞ்சு எது என்று அக்காவிடம் கேளுங்கள்' என்று பெரிதாக எழுதிவைக்கிறோம். ஒவ்வொரு மேசையிலும் ஊர்ப் பெயரோடு, தன் நிலத்தில் விளைந்தது எது, வாங்கி வந்தது எது என்று இரண்டு பத்தியில் ஒரு சிலேட்டு. கேரட் கொண்டுவந்தவரிடமும் பேசினேன். அவர் கோபப்படவில்லை. கேட்கிறார்களே என்றுதான் வாங்கி வந்தாராம். நாங்களும் ஒவ்வொரு வாரமும் "கேரட் இல்லையா" என்று அவரைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறோம்.

வண்டி வாடகையில் பாதியைச் சங்கம் ஏற்க வேண்டும் என்று கேட்டேன். பணம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அது எனக்கு வருத்தம். விடப்போவதில்லை, பங்குனிக் கூட்டத்தில் மறுபடியும் கேட்பேன்.

கீரைக்கட்டு, பெரியபாளையம் பக்கம்
புதன், காலை 7.10

அம்மாவிடம் சொன்னேன் அக்கா. கூரைக்குக் கீழே என்றதும் எத்தனை கட்டு என்று கேட்டார். 80 கட்டு போதுமா? அரைக்கீரை, சிறுகீரை, கொஞ்சம் பொன்னாங்கண்ணி. முளைக்கீரை அடுத்த பாத்தி இன்னும் ஒரு வாரம் ஆகும்.

பழைய சந்தைக்காரர், பல்லாவரம்
புதன், காலை 10.00

முதல் வாரம் 60 கட்டு போதும் அம்மா. அதற்கு மேல் கேட்டால், "அடுத்த வாரம், பெயர் எழுதிவிட்டுப் போங்கள்" என்று சொல்லச் சொல்லுங்கள்.

மாடித்தோட்டக்காரி, வேளச்சேரி
வெள்ளி, காலை 6.45

நேற்று இரவு பதிவு முடிந்தது. 64 வீடுகள் பணம் கட்டியிருக்கின்றன. நான் 40-தான் எதிர்பார்த்தேன். கத்திரி 38 கிலோ, வெண்டை 22, கொத்தவரை 31 கிலோ! அதில் 20 கிலோ வற்றல் போடுகிறவர்கள் கேட்டது. பாட்டி, எங்கள் பி பிளாக் மாடியில் இப்போதே வேட்டி விரித்து இடம் பிடித்துவிட்டார்கள். தக்காளி 26 கிலோ, பெரும்பாலும் தொக்குக்கு. கீரை 52 கட்டு.

ஒருவர் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கத்திரி, வேலூர் பக்கத்துச் சொத்து. நம் விவசாயிகள் யாரிடமும் இல்லை. இருப்பதாகச் சொல்லி எதையும் கொண்டுவர வேண்டாம், இல்லை என்றே சொல்லிவிடலாம்.

ஏரிக்கரை உழவன், மதுராந்தகம் பக்கம்
வெள்ளி, பகல் 1.30

குட்டியானைக்குச் சொல்லிவிட்டேன். இந்த முறை ஐந்து பேர் சேர்கிறோம், செய்யூர்க்காரரும் வருகிறார். தலைக்கு 700 ஆகும். கொத்தவரை என்னிடம் 18 கிலோதான் தேறும், மீதியைச் செய்யூர்க்காரர் தருவார். அவருடைய காய் என்று தனியாக எழுதி வையுங்கள்.

பாட்டிம்மா, எங்கள் கிணற்றடியில் இரண்டு மாமரம் இருக்கிறது. வடு கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. காற்றில் விழுந்ததைப் பொறுக்கிக் கொண்டுவரட்டுமா, மரத்தில் ஏறிப் பறிக்கவா?

மாடவீதிப் பாட்டி, மயிலாப்பூர்
வெள்ளி, பகல் 2.05

விழுந்தது வேண்டவே வேண்டாம் அப்பா, அடிபட்ட வடு ஒரு வாரத்தில் அழுகி, ஜாடியையே கெடுத்துவிடும். காம்போடு பறிக்க வேண்டும். பால் வடியாமல் பார்த்து வை. கல்லுப்பும் விளக்கெண்ணெயும் நான் வாங்கி வைத்தாயிற்று. எனக்கு நாலு படி. பேத்தி ஞாயிற்றுக்கிழமை 6 மணிக்கு அங்கே நிற்பாள்.

ஏரிக்கரை உழவன், மதுராந்தகம் பக்கம்
வெள்ளி, பகல் 2.20

காம்போடவே பறிக்கிறேன் பாட்டிம்மா. சனிக்கிழமை சாயங்காலம் பையனை மரத்தில் ஏற்றிவிடுகிறேன். வெள்ளைத் துணியில் கட்டி, பாட்டிக்கு என்று எழுதித் தனியாக எடுத்து வருகிறேன்.